இரைச்சல் எங்கே பிறக்கிறது? சீகிரியாவில் ஒரு ஹாம் வானொலிப் பெருக்கி

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ வளர்ந்தவர்களுக்கு வானொலி இரைச்சல் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பற்றரி வராத காலம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம். எந்த ஊரில் குண்டு விழுந்தது, எத்தனை பேர் என்ற இடத்தில்தான் சரியாக இரைச்சல் வந்து குரலை மூடும். மிச்சத்தை ஆளுக்கு ஆள் ஊகித்துக்கொள்வார்கள். ஊகம் வதந்தியாகி, வதந்தி இடப்பெயர்வாகிப் போன நாட்களும் இருந்தன.

அந்த ஒரே சொல்லுக்குள் நாம் போட்டுவைத்திருந்தவை உண்மையில் நாலைந்து வேறு வேறு சாமான்கள். எங்கோ தொலைவில் அடிக்கும் மின்னல் ஒன்று. டைனமோவின் பொறி ஒன்று. பக்கத்து அலைவரிசையின் கசிவு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில், எந்த வானொலியிலும் எப்போதும் இருக்கும் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். அதுதான் வெப்ப இரைச்சல். ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் பெற்று, இலாப நோக்கமின்றி, தாங்களே அமைத்த நிலையங்களிலிருந்து உலகத்தோடு பேசுபவர்கள், ஆயுள் முழுவதும் சண்டை பிடிப்பது இதனோடுதான்.

வெப்ப இரைச்சல் என்ற பெயர் பலரைத் தவறான திசைக்கு அனுப்பிவிடுகிறது. கருவி சூடாவதால் வரும் சத்தம் என்று நினைத்து மின்விசிறி பூட்டுகிறார்கள். விஷயம் அதுவல்ல. எந்தக் கடத்தியினுள்ளும் இலத்திரன்கள் ஓய்ந்திருப்பதில்லை. வெப்பம் இருக்கும் வரை அவை ஒழுங்கின்றித் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பே ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் இதை அளந்தார். அதே நிறுவனத்தின் நைகுயிஸ்ட் ஏன் அப்படி என்று கணக்கால் விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளியாகின. பற்றரி, மின்சாரம் எதுவும் தொடாத வெறும் ரெசிஸ்டரிலும் இந்த இரைச்சல் உண்டு.

எவ்வளவு? சாதாரண அறை வெப்பநிலையில், ஒரு குரல் அலைவரிசையின் அகலத்துக்குள் கிடைப்பது இவ்வளவுதான்: ஒரு வாட்டை ஒரு கோடியால் வகுங்கள், வருவதை இன்னொரு கோடியால் வகுங்கள், அதையும் ஆயிரத்தால் வகுங்கள். இதற்குக் கீழே போன சமிக்ஞையைக் குரலாகக் கேட்க முடியாது. இந்த அளவு வெப்பநிலைக்கு நேர்விகிதமானது. ஆனால் இங்கே வெப்பநிலையை எண்ண வேண்டியது பூச்சியப் பாகையிலிருந்து அல்ல, அதற்கும் 273 பாகை கீழே உள்ள தனிப் பூச்சியத்திலிருந்து. விடிகாலையின் 22 பாகை என்பது 295 கெல்வின். நடுப்பகலின் 35 பாகை 308 கெல்வின். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு நாலு வீதம், டெசிபெல்லில் சொன்னால் 0.2க்கும் குறைவு. காதுக்கு அது தெரியவே தெரியாது. (3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.) ஆகவே மின்விசிறி வாங்கிய காசு வீண். வெயில் நேரத்தில் உங்கள் பெருக்கி வெளிப்படையாகக் கூடுதலாக இரைகிறது என்றால், அதற்குக் காரணம் வெப்ப இரைச்சல் இல்லை. உள்ளே ஏதோ ஒரு பாகம் பழுதாகிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தொலைபேசிகள் செத்துக்கிடந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தது சிற்றலை வானொலியால். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், ஹாம் பரிசோதனைக்காக முன்கூட்டியே போயிருந்த இந்தியாவின் பாரதி பிரசாத் குழு தங்கள் நிலையத்தை அப்படியே மீட்புப் பணிக்குத் திருப்பியது. கடந்த 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் ஒன்றாக நின்றுபோனதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

வடக்கு, கிழக்கில் இந்தப் பொழுதுபோக்கு வேர்விடாததற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த காரணம் உண்டு. வீட்டில் ஒரு தொலைத்தொடர்புக் கருவி இருந்தால் அது இயக்கத்தினுடையது, இல்லாவிட்டால் இராணுவத்துக்குத் தகவல் கொடுப்பது என்று இரு பக்கமும் பார்த்த காலம் அது. கூரையில் கம்பி கட்டியவனைக் கண்டாலே அயலவர் பயந்தார்கள். அந்தப் பயத்தை ஒரு தலைமுறை தாண்டியும் சுமப்பதால், ஒரு பேரிடரில் கடைசியாக வேலை செய்யும் கருவி நம்மவர் கையில் இல்லாமல் போகிறது. ஒலிபரப்ப தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையும் உரிமமும் வேண்டும். அதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

நான் இதைக் கண்ணால் கண்டு கற்றது மாத்தளை மாவட்டத்தில், சீகிரியாவுக்குப் பக்கத்தில். இனாமலுவைச் சந்தியிலிருந்து குன்றுக்குப் போகும் பாதைக்கு அண்மையில் ஒரு ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் இருக்கிறார். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருப்பவர். செய்மதிகளைக் கேட்பதுதான் அவருடைய பைத்தியம். 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இராவணா-1 சிறு செய்மதி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள ஒரு சிறு பெட்டி. 437 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் அது அனுப்பிய சமிக்ஞையை இந்த முற்றத்திலிருந்து பிடித்ததை இன்னும் பெருமையாகச் சொல்வார். இராவணன் நம்மவன் என்று இரண்டு சனமும் உரிமை கொண்டாடும் நாட்டில், சீகிரியாவே அவன் கோட்டை என்று நம்புபவர்களின் ஊரில் இருந்துகொண்டு அவன் பெயரைக் காதில் கேட்டது பெரிய விஷயம்தானே. அந்தச் செய்மதி எரிந்துபோய்விட்டது. இப்போது கேட்கும் வேறு செய்மதிகளும் மங்கத் தொடங்கியிருந்தன. அன்ரனாவுக்கும் வானொலிக்கும் நடுவே ஒரு முன்பெருக்கி வைத்திருந்தார். "நங்கி, பெருக்கி வைத்த பிறகு இரைச்சல்தான் பெருகியிருக்கிறது" என்றார். அந்தப் பெட்டிக்கு எதிரே ஒரு குட்டி மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

இரைச்சலைக் கண்டுபிடிக்கும் முதல் வேலை, அது வீட்டுக்குள் பிறக்கிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று பிரிப்பது. அன்ரனாவைக் கழற்றி அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோட் ஒன்றைப் பூட்ட வேண்டும். அதற்கு வானம் தெரியாது, மின்னல் தெரியாது, பக்கத்து வீட்டு எல்ஈடி விளக்கும் தெரியாது. தன் வெப்ப இரைச்சலை மட்டும் கொடுக்கும். இப்போது சத்தம் வெகுவாக இறங்கினால் குற்றவாளி வெளியில். இறங்காவிட்டால் குற்றவாளி உங்கள் மேசையில்.

எளிமையான சோதனை என்று அலட்சியப்படுத்த வேண்டாம். பெல் ஆய்வுகூடத்தின் பென்சியாசும் வில்சனும் 1964-65இல் நியூ ஜேர்சியின் ஹோம்டெல்லில் தங்கள் அன்ரனாவில் விளங்காத ஓர் இரைச்சலைக் கண்டபோது செய்ததும் இதன் பெரிய வடிவம்தான். திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய ஒரு சுமையோடு ஒப்பிட்டார்கள். நியூ யோர்க் நகரைச் சந்தேகித்தார்கள். அன்ரனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களைத் துரத்தி எச்சத்தைக் கழுவினார்கள். ஒவ்வொன்றாகக் கழித்த பிறகும் மிஞ்சிய மூன்று சொச்சம் கெல்வின் பிரபஞ்சத்தின் பிறப்பிலிருந்து எஞ்சிய கதிர்வீச்சு என்று தெரிந்தது. 1978இல் நோபல் பரிசும் கிடைத்தது.

சீகிரியாவில் நாங்கள் முதலில் சிற்றலையில், 7 மெகாஹேர்ட்ஸில், செய்துபார்த்தோம். அன்ரனா பூட்டியிருக்கும்போது செக்கனுக்கு ஒரு தரம் 'டிக், டிக்' என்று ஓர் அடி. டம்மி லோட் பூட்டியதும் அடியும் இல்லை, இரைச்சலும் இல்லை. வீட்டின் பிரதான ஆளியை அணைத்து பற்றரியில் ஓட்டினோம். பொதுவான இரைச்சல் பாதியானது, டிக் மட்டும் நிற்கவில்லை. அது யானைவேலி. அந்த வேலிகளில் ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு தடவை பல ஆயிரம் வோல்ட் துடிப்பு பாயும். நல்ல வேலி வானொலியை அவ்வளவு தொந்தரவு செய்யாது. செடிகொடி முட்டினால், காப்பான் வெடித்தால் அந்த இடத்தில் பொறி பறக்கும், வானொலியில் டிக் கேட்கும். ஆகவே டிக் சத்தம் என்பது வேலி கசிகிறது என்ற முறைப்பாடும்கூட. கசியும் வேலியில் மின்னழுத்தம் விழும், யானை உள்ளே வரும். மத்திய அலை வானொலி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வேலி நெடுக நடந்தால் சத்தம் உச்சமாகும் இடம்தான் பழுது. வன்னியிலும் யானைவேலிகள் வந்துவிட்டபடியால் இதைச் சொல்லிவைக்கிறேன். ஹாம் வானொலியே வேண்டாம் என்பவர்களுக்கும் இது உதவும்.

சிற்றலையைப் பற்றி இன்னொன்று. முன்பெருக்கி விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கீட்டு முறைப்படி, கிராமப்புறத்தில்கூட 7 மெகாஹேர்ட்ஸில் அன்ரனா கொண்டுவரும் வெளி இரைச்சல், வெப்ப இரைச்சலை விட 40 டெசிபெல்லுக்கு மேல் அதிகம். அதாவது பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இந்த வெள்ளத்தில் உங்கள் பெருக்கி ஒரு செம்பு தண்ணீரைச் சேர்த்தாலென்ன, குறைத்தாலென்ன? சிற்றலையில் விலை கூடிய, 'இரைச்சல் குறைந்த' முன்பெருக்கி வாங்குவது காசைக் கரியாக்குவது. அங்கே செய்யவேண்டியது அன்ரனாவை வீட்டு வயர்களிலிருந்து தள்ளிக் கட்டுவதும், மலிவு எல்ஈடி விளக்குகளையும் சோலார் இன்வேர்ட்டரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதும்தான்.

145 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே போனால் கதை தலைகீழ். வெளி இரைச்சல் வேகமாகக் குறைகிறது. 437இல் தெளிந்த வானம் 20, 30 கெல்வின் அளவுக்கே குளிர்ந்திருக்கும். மின்னலும் வேலியும் அங்கே பெரிதாக எட்டாது. அந்த அமைதியில்தான் பெருக்கியின் சொந்த வெப்ப இரைச்சல் மேலெழுந்து நிற்கிறது. எங்கள் சோதனையிலும் 437இல் அன்ரனாவுக்கும் டம்மி லோட்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குற்றவாளி உள்ளே.

அப்போதுதான் அவருடைய முன்பெருக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மேசையில், வானொலிக்குப் பக்கத்தில், கைக்கு வசதியாக. அன்ரனாவோ 20 மீற்றர் கேபிளுக்கு அப்பால், முற்றத்துக் கம்பத்தில். கேபிள், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆர்ஜி-58. இந்த அலைவரிசையில் 20 மீற்றரில் அது ஏறத்தாழ 7 டெசிபெல்லை விழுங்கும். செய்மதியிலிருந்து வந்ததில் ஐந்தில் ஒரு பங்கே மேசைக்கு வந்துசேர்கிறது. கேபிள் சமிக்ஞையை விழுங்கும், இரைச்சலை விழுங்காது. விழுங்கிய இடத்தைத் தன் சொந்த வெப்ப இரைச்சலால் நிரப்பிவிடும்.

இதை முறையாகக் கணக்கிடும் வழியை 1944இல் ஹரல்ட் ஃபிரிஸ் தந்தார். அவரும் பெல் ஆய்வுகூடக்காரர்தான். அவர் சூத்திரம் சொல்வது சுருக்கமாக இது: வரிசையில் முதலில் நிற்பவர் செய்யும் தவறு முழுதாகக் கணக்கில் ஏறும். பின்னால் நிற்பவர்களின் தவறு, முன்னவரின் பெருக்கத்தால் வகுபட்டுத்தான் ஏறும். நம் உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். வானொலி தானாகச் சேர்க்கும் இரைச்சல் 6 டெசிபெல், கேபிள் இழப்பு 7. முன்பெருக்கி இல்லாமல் மொத்தம் 13. நூறு மடங்கு பெருக்கி, 1 டெசிபெல் மட்டுமே இரைச்சல் சேர்க்கும் நல்ல முன்பெருக்கியை மேசையில் வைத்தால் மொத்தம் சுமார் 8. அதே பெட்டியைக் கம்பத்தில், அன்ரனாவின் காலடியில், கேபிளுக்கு முன்னால் வைத்தால் 1.6. ஒரு சதம் கூடுதல் செலவில்லை. இருபது மீற்றர் தூக்கி வைத்ததுதான் வித்தியாசம்.

தூக்கி வைத்தோம். பிறகு அளந்தோம். அளப்பதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், வானமும் தரையும் போதும். அன்ரனாவைத் தரைக்குத் திருப்பினால் அது பார்ப்பது ஏறத்தாழ 300 கெல்வின் சூடான ஒரு பொருள். வெறும் வானத்துக்குத் திருப்பினால், ஓரங்களால் பிடிக்கும் தரையையும் சேர்த்து, 50 கெல்வின் என்று வைக்கலாம். இரண்டுக்கும் இடையில் இரைச்சல் மட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதே பெருக்கியின் தரம். நல்ல அமைப்பில் 4 டெசிபெல்லை நெருங்க வேண்டும். மேசையில் இருந்தபோது 1 டெசிபெல்கூட வரவில்லை. கம்பத்தில் வைத்ததும் 2 வந்தது. கணக்குப்படி வரவேண்டியதில் பாதி.

பெருக்கம் குறையவில்லை, இரைச்சல் மட்டும் கூடியிருக்கிறது. இந்த அறிகுறியை முன்பெருக்கி வைத்திருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் ரான்சிஸ்டர் நிலைமின்னாலோ, அண்மையில் விழுந்த மின்னலின் தூண்டலாலோ அரைகுறையாகக் காயப்பட்டால் இப்படித்தான் நடக்கும். அது சாகாது. மீற்றரில் எல்லாம் சரியாகவே காட்டும். மெல்லிய சமிக்ஞையை மட்டும் தன் இரைச்சலுக்குள் அமுக்கிவிடும். ரான்சிஸ்டரை மாற்றினோம். மாற்றும்போது மணிக்கட்டை ஒரு வயரால் தரையோடு இணைத்துக்கொண்டார், சோல்டரிங் அயனையும் அப்படியே. உள்ளே நுழையும் கொயிலைச் சீராக்கும்போது சமிக்ஞை உச்சமாகும் இடத்தில் நிறுத்தாமல், வானத்துக்கும் தரைக்குமான வித்தியாசம் உச்சமாகும் இடத்தில் நிறுத்தினோம். இரண்டும் ஒரே இடம் அல்ல. அதிகம் பெருக்கும் புள்ளியும் குறைவாக இரையும் புள்ளியும் சற்றுத் தள்ளியே இருக்கும். பலர் தோற்பது இங்கேதான். கடைசியில் 3.8 வந்தது. மின்விசிறியை அவர் வீட்டு மனைவி குசினிக்குக் கொண்டுபோய்விட்டார்.

இரைச்சல் ரான்சிஸ்டரிலிருந்து வராமல் வேறு பாகத்திலிருந்து வந்தால் பிடிப்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. தலைமயிர் உலர்த்தியால் ஒவ்வொரு பாகமாக இலேசாகச் சூடுகாட்டிக் கேட்பது. வெப்ப இரைச்சல் அந்தச் சூட்டுக்கு அசையாது என்று மேலே பார்த்தோம். ஆகவே எந்த இடத்தில் சூடு பட்டதும் சத்தம் பொரிகிறதோ, அதுதான் பழுதான பாகம். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் மின்னோட்டம் பாயும்போது வெப்ப இரைச்சலுக்கு மேலதிகமாகவும் இரையும். உலோகப் படலம் பூசியவற்றால் மாற்றினால் அது அடங்கும்.

அனுப்பும் பக்கத்துப் பெரிய பெருக்கிகளில், அதாவது நூறு வாட்டை ஐந்நூறாக்கும் 'லீனியர்' பெட்டிகளில், வேறொரு வியாதி. கேட்கும் நேரத்திலும் அதன் ரான்சிஸ்டர்களுக்கு மின்னோட்டம் போய்க்கொண்டிருந்தால் அவை சும்மா இருக்காது. தம் இரைச்சலைப் பெருக்கி ரிலே இடுக்கு வழியாக வானொலிக்குள் கசியவிடும். பெட்டியை அணைத்ததும் இரைச்சல் ஓய்ந்தால் இதுதான் காரணம். கேட்கும்போது அந்த மின்னோட்டம் முற்றாகத் துண்டிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பங்கு இரைச்சல் மிஞ்சும். அதை எந்தப் பெருக்கியாலும் அழிக்க முடியாது. அதைக் குறைவாக உள்ளே விடலாம், அவ்வளவுதான். வெப்ப இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் சமமாகப் பரவியிருப்பதால், கதவை எவ்வளவு ஒடுக்கமாகத் திறக்கிறீர்களோ அவ்வளவு குறைவாக வரும். குரலுக்கு 2,400 ஹேர்ட்ஸ் வேண்டும். மோர்ஸ் தந்திக்கு 500 போதும். அந்த ஒரு மாற்றத்தில் மட்டும் கிட்டத்தட்ட 7 டெசிபெல் இலாபம். நூறு வாட் வேண்டிய இடத்தில் இருபது வாட் போதும் என்று பொருள். பற்றரியில் ஓடும் ஓர் அவசர நிலையத்துக்கு அது ஒரு நாளா, ஐந்து நாளா என்ற வித்தியாசம். தந்தி பழங்காலத்துச் சாமான் என்று சிரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தக் கணக்குத்தான். கணினியோடு சேர்ந்த இன்றைய எஃப்டி8 போன்ற முறைகள் கதவை இன்னும் ஒடுக்குகின்றன. காதுக்கே எட்டாத சமிக்ஞையை அவை வாசித்துவிடும்.

தொடங்க நினைப்பவர்களுக்குக் காசு செலவழிக்கும் ஒழுங்கு: முதலில் அன்ரனா, பிறகு நல்ல கேபிள், அதன் பிறகே பெருக்கி, அதுவும் 145க்கு மேலே மட்டும். கம்பத்தில் வைத்தால், நீங்கள் பேசும்போது அதைச் சுற்றிக் கடந்துபோக ஒரு ரிலே கட்டாயம். இல்லாவிட்டால் முதல் தடவை பேசும்போதே ரான்சிஸ்டர் எரிந்துவிடும். பெட்டியை நன்றாக மூடி, வாடைக்காற்று மழைக்கு முன்னால் அடிப்பக்கத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை போடுங்கள். அந்தத் துளைக்கு மெல்லிய வலை ஒன்றும் ஒட்டுங்கள். சீகிரியாவில் நாங்கள் அந்தப் பெட்டியை முதன்முதலாகத் திறந்தபோது உள்ளே ஒரு மூலை முழுவதும் எறும்புக் கூடு.